டிவிக்காகக் காலியான அலமாரி

பாப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு, கோபத்தை வயிற்றில் காட்டாதே.

அப்பா உன் அலமாரியைக் காலி செய்தது உன்னைப் போகச் சொல்வதற்காக அல்ல. அவர் ஆசையாக வாங்கிவந்த அந்தப் பழைய டிவியின் பின்பக்கம் ஒரு முழம் துருத்திக்கொண்டிருக்கிறது. கடை கடையாக அலைந்தும் அத்தனை ஆழத்தில் அலமாரி கிடைக்கவில்லை. உன்னுடையதுதான் பொருந்தியது. டேப்பும் கையுமாக நின்ற மனுஷனுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"ஏங்க, புருஷன் வீட்டிலேருந்து அழுதுகிட்டு வந்தவ துணிமணியை அட்டைப்பெட்டியில கட்டி வச்சா, அவ என்னன்னு நினைப்பா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அளவு சரியா இருந்துச்சேடி!" என்று டேப்பைக் கீழே போட்டார்.

நீ பை கட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் மேல் உள்ள வீம்பில், உன் மேல் கை நீட்டுகிறவனிடம் திரும்பிப் போய்விடாதே.

சாயங்காலம் தச்சர் வருவார். டிவிக்குத் தனி அலமாரி செய்ய அளவு எடுக்கட்டும்.

அம்மா

பி.கு.: துணிகளை அப்பாவே திரும்ப அடுக்கிவிட்டார். மடிப்பு கோணல்மாணலாக இருக்கும், திட்டாதே.

இன்னொன்று: உனக்கென்று ஒரு வாசல் சாவி செய்து டிவி மேல் வைத்திருக்கிறேன். இனி நீ கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டாம்.