மரக்கடைக்காரனுக்கும் மைக் கட்டினேன்

தோஸ்து,

பேட்டரிக்கு ஆசிட் மாற்றும்போதெல்லாம் அந்த நெடியோடு நீயும் வந்துவிடுகிறாய். லுங்கியில் விழுந்த ஓட்டையைப் பார்த்து நீ திட்டுவது காதில் கேட்கும். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் உன்னை நினைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். நிமிர்ந்தால் கடை வாசலில் மரக்கடைக்காரன் நிற்கிறான். நெற்றியில் பட்டை, கழுத்தில் துண்டு, முகத்தில் வெட்கமே இல்லாத சிரிப்பு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கின மைக் செட்டை வாடகைக்குக் கேட்டு வந்திருக்கிறான்!

கல்மண்டபத்துக் கூட்டம் உனக்கு மறந்திருக்காது. நாடு குடியரசான புதுசு. சாமியே இல்லை என்று பேசுகிற ஒரு வண்ணாரப்பேட்டைப் பையனுக்கு நீ குழாய் ஸ்பீக்கர் கட்டினாய். அவன் பேச்சு உனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன் நீ. கம்பத்திலிருந்து இறங்கி, சிலுவை போட்டுக்கொண்டுதான் ஆம்ப்ளிஃபயரைத் திருகினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவன் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இந்த மரக்கடைக்காரன் வந்தான். அப்போது அம்மன் கோயில் கமிட்டிக்கு இவன்தான் தலைவர். கூடவே உங்கள் மாதா திருவிழாக் கமிட்டிக்காரர். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று வருஷா வருஷம் அடித்துக்கொள்கிற இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். அடுத்தவன் வாயை மூடுவதென்றால் மட்டும் எவ்வளவு ஒற்றுமை!

"இன்னா நைனா, ஒயரைப் புடுங்கிட்டு பேட்டரி பூட்ச்சின்னு சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது?" என்று மரக்கடைக்காரன் உன் காதில் ஓதினான்.

"எனுக்குத் தெரியும்ல," என்றாய்.

"அவன் உன் மாதாவையுந்தானே திட்டிக்கினு கீறான்?"

"திட்டறான். எனுக்கும் வயிறு எரியுது. நாளிக்கு நீ மேடையேறி பதில் பேசு, உனுக்கும் நானே கொயா ஸ்பீக்கரு கட்றேன். எந்த சாமிய வேணா கும்புடலாம், கும்புடாமயும் போலாம், அத்த வாயத் தொறந்து சொல்லவும் சொல்லலாம்னு சட்டமே வந்துட்ச்சி. அப்பால உனுக்கு இன்னா பேஜாரு?"

கூட்டம் முடிகிறவரை நீ ஆம்ப்ளிஃபயரை விட்டு நகரவில்லை.

அந்த வருஷம் ஆடிக்குக் கூழ் ஊற்றவும் நம்மைக் கூப்பிடவில்லை, மாதா திருவிழாவுக்கும் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டுக்காரர்களைக்கூட மிரட்டி வைத்தார்கள். பிழைப்பில்லாமல் நீ பேசின் பிரிட்ஜுக்குக் கரி சுமக்கப் போனாய். கரித்தூளில் இருமல் வந்தது, அந்த இருமலோடே போய்விட்டாய். உன் சாவுக்கு இந்த ஆள் ரோஜா மாலை அனுப்பினான், தெரியுமா? உன்மேல் போட விடவில்லை. எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் எறிந்தேன்.

இப்போது அவனையே கமிட்டியிலிருந்து துரத்திவிட்டார்கள். துரத்தியது அவன் சொந்த மச்சான். மேடை போட்டு நியாயம் கேட்கிறேன் என்று இவன் கிளம்ப, இவனுக்கு எவனும் மைக் கொடுக்கக் கூடாது என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டான். அதனால்தான் என் வாசல். "பேச்சு சுதந்திரம்னு ஒண்ணு கீதுல்லப்பா?" என்று கேட்டான். அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு நாக்குக் கூசவில்லை. உள்ளேயிருந்து என் பெண்டாட்டி, "தொடப்பத்தால அடிச்சித் தொரத்து அந்தாள!" என்று கத்தினாள். எனக்கும் அதுதான் ஆசை.

நேற்று கட்டினேன், தோஸ்து. பேசினான். பாதி பொய், மீதி ஜம்பம். அத்தனை கலீஜும் நம் குழாய் வழியாகத் தெரு முழுக்கக் கொட்டியது. நடுவில் மச்சானுடைய ஆள் ஒருவன் வந்து, ஒயரை அறுத்துவிடச் சொன்னான். என் கை ஆம்ப்ளிஃபயர் திருகின் மேல்தான் இருந்தது. ஒரு திருகு திருகி அணைத்திருந்தால் நெஞ்சு குளிர்ந்திருக்கும். "போய்யா அப்பால" என்றேன்.

உன்னைச் சாகடித்தவன் கடைசி வார்த்தை வரை தங்குதடையில்லாமல் பேசும்படி பார்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. இந்தக் குமட்டலோடு வாழவும் நீதான் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். அடுத்த ஞாயிறும் வேண்டும் என்று கேட்டிருக்கிறான், பாவி. கட்டத்தான் போகிறேன்.