எல்லோருக்கும் அப்பாவின் குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நலம். விரலில் சின்னக் கட்டு. மீன் வெட்டும்போது பட்டதல்ல, உங்களால் வந்தது.

ஞாயிறு மதியம் மீன் ஆலை விடுதியில் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் போட்டேன். நம் ஊர் வழக்கப்படி ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் நீங்கள் ஒருவரே வாசித்த போலிஷ் பதிப்பு. ஜப்பானியக் குரல்தான் வேண்டும் என்று அறைத்தோழி வியோலா அடம்பிடித்தாள்.

“இந்தாளு சாகறவனுக்கும் இதே குரல், சூப் கேக்கறவனுக்கும் இதே குரல். வானிலை வாசிக்கப் போயிருக்கலாம்டி” என்றாள்.

“கீழ ஓடற எழுத்தையே படிச்சிட்டிருந்தா படத்தை எப்பப் பாக்கறது?” என்று ரிமோட்டைப் பிடுங்கினேன். அவளும் இழுத்தாள். கண்ணாடிக் கோப்பை உடைந்தது. அவ்வளவுதான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

வாசித்தது என் அப்பா என்று சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? கதாநாயகி அழும்போதாவது குரலைக் கொஞ்சம் ஏற்றினால் என்ன குறைந்துவிடும்? போனிலும் அதே குரலில் “சரி, உடம்பப் பாத்துக்க” என்று வைத்துவிடுகிறீர்கள்.

கைக்குப் பூசும் களிம்பும் அம்மா போட்ட வெள்ளரி ஊறுகாயும் அனுப்புங்கள். உப்புத் தண்ணீரில் தோல் வெடிக்கிறது.

பிறகு தனியாக அந்தத் தொடரைப் போட்டேன், உங்களிடம் குறை கண்டுபிடிக்கத்தான். தகப்பன் மகளிடம் “வீட்டுக்கு வந்துடும்மா” என்று சொல்லும் இடத்தில் மட்டும் உங்கள் குரல் ஒருமுறை நின்று, பிறகு வருகிறது. நான்கு தடவை கேட்டேன். அதை வாசித்தது நான் நார்வேக்குக் கிளம்பிய மாதம்தானே, அப்பா?

ஷிஃப்ட் வண்டி வந்துவிட்டது.

ஹன்கா