பேட்டரி வாங்கிவிட்டேன், மாமா

என் அன்பு மாமாவுக்கு,

நலமா என்று உங்களை எப்படிக் கேட்பது? நாங்கள் இருக்கிறோம். யாழினி ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இன்சுலின் ஊசியை இப்போது தானே போட்டுக்கொள்கிறாள்.

துணி ரோல் ஏற்றி ஓடிக்கொண்டிருந்த பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில் அடித்தீர்கள். கூரையில் சோலார் பேனல், உள்ளே குட்டி ஃபிரிட்ஜ். இன்சுலின் கெடாமல் கூடவே வந்தால் நம் பிள்ளையும் ஊர் சுற்றலாம் என்றீர்கள். வெயில் இல்லாதபோது ஃபிரிட்ஜை ஓட்டப் பேட்டரி மட்டும்தான் பாக்கி. அதற்குள் நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

ஓராண்டாக வேன் வாசலிலேயே நின்றது. பனியன் கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் பிழை பார்க்கிறவள் நான். பேட்டரியில் பிழை எங்கே இருக்கும் என்று எனக்கென்ன தெரியும்?

முதலில் போன கடைக்காரர், "லாரி பேட்டரியே போதுமுங்கக்கா" என்றார்.

"ரெண்டு நாள் வெயிலே இல்லீன்னாலும் ஃபிரிட்ஜ் ஓடுமுங்களா?"

"அப்படியெல்லாம் யாருங்க கேக்கறாங்க?" என்று சிரித்தார். திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு, சோலார் மாட்டித் தரும் பர்வீனை வீட்டுக்கே வரச் சொன்னேன். அவர் வேனுக்குள் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி: "இதுக்குள்ள யாருங்க படுப்பாங்க?"

"நானும் பொண்ணும்ங்க."

"அப்ப ஆசிட் பேட்டரி வேண்டாங்க. சார்ஜ் ஏறும்போது கேஸ் வரும். லாரி பேட்டரி வண்டியக் கிளப்பத்தான் லாயக்கு. நாள் பூரா கரண்டு எடுத்தா சீக்கிரம் செத்துரும். லித்தியம் போடலாம். ஆனா பேனல்ல இருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற இந்தக் கன்ட்ரோலர் ஆசிட் பேட்டரிக்கானது. மாத்தியாகணுங்க."

நீங்கள் கடைசியாக மாட்டியது அதுதானே. திருகாணிகளில் உங்கள் கை பட்டிருக்கிறது. "அது அப்படியே இருக்கட்டுமே" என்று சொல்லிவிட்டேன். யாழினிதான் திருப்புளியை எடுத்தாள். "அப்பாவா இருந்தா மாத்தியிருப்பாருங்கம்மா" என்றபடி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

லித்தியம் பொருத்தியும் பயம் போகவில்லை. யாழினியின் பள்ளி லீவில் மழை மூட்டமான மூன்று நாள் பார்த்து, ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டிலும் தெர்மாமீட்டரும் வைத்துச் சோதித்தேன். கம்பெனியிலிருந்து மணிக்கொரு தரம் அவளுக்குப் போன் செய்தேன். "அஞ்சு டிகிரிங்கம்மா. வேலையப் பாருங்க!" என்று கடைசியில் அவள் கத்தியே விட்டாள். மூன்றாம் நாள் மாலையும் அஞ்சுதான்; இன்சுலினுக்கு இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே இருந்தால் போதும்.

இன்று உடுமலை தாண்டி, அமராவதி அணைக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தியிருக்கிறோம். வானம் மூடியிருக்கிறது. இதை எழுதும் நேரத்துக்குள் நான்கு முறை ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டேன். ஐஸ் பெட்டியும் தனியாகக் கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்து மருந்துக்கடை எங்கே என்றும் விசாரித்துவிட்டேன். இவ்வளவு போதுமா மாமா? நீங்களாக இருந்தால் வேறு என்ன செய்திருப்பீர்கள்?

யாழினி தண்ணீரைப் பார்த்தபடி கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கும் இங்கேயே இருக்கலாமா என்கிறாள்.

இருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். பயப்பட மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பயந்துகொண்டு அவளை வீட்டில் பூட்டி வைக்க மாட்டேன். அது சத்தியம்.

உங்கள் மனைவி,
யாழினியின் அம்மா,
சுமதி