வேரில் இருந்த முடிச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா?

இங்கே நான் வேலை பார்க்கும் நாற்றுப்பண்ணையில், மண்ணில் இருக்கும் ஒரு புழுவைப் பற்றிய எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் எழுதச் சொன்னார்கள். இந்த ஊர் மொழியில் அதற்குள்ள பெயரை அப்படியே பெயர்த்து, “விலாங்குப் புழு” என்று எழுதிவிட்டேன். கூட வேலை பார்க்கும் அண்ணன், “விலாங்கு மீன் மண்ணுலயா இருக்கும்?” என்று சிரித்தார். அதற்குச் சரியான பெயர் நூற்புழுவாம். கண்ணுக்குத் தெரியாது. வேரை முடிச்சு முடிச்சாக வீங்க வைக்குமாம். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் செடி வாடிப்போகுமாம்.

அப்பா நட்டு வாடிப்போன நம் தக்காளிச் செடிகளின் வேரும் அப்படித்தானே இருந்தது, அம்மா? “உங்களுக்குக் கைராசியே இல்லப்பா” என்று நான் சொன்ன பிறகு, அப்பா சாகும்வரை ஒரு செடிகூட நடவில்லை.

அவருடைய களைக்கொத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அப்பா படத்தைத் துடைக்கும்போது, அவர் கையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன்