கேப்டன் சொன்னதாக

11 ஜன. 1999, திங்கள்
பனி. பத்து மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. எம்.ஏ. முடித்து எட்டு மாதம். செய்ய வேண்டியவை: மிளகு காயப்போடப் பாய், வேலை விண்ணப்பம் இரண்டு, சவரம்.

தனம் வந்தாள். மாமன் மகள், பிளஸ் டூ. கையில் டி.வி.க்காரர்கள் அனுப்பிய கார்டு. 'ஒன்பதாவது நிலையம்' தொடரின் பொங்கல் சிறப்புப் பகுதியில் அவள் கேள்விக்கு நிலையத்துக் கேப்டன் பதில் சொல்வாராம்.

"எம்பேரச் சொல்லுவாங்க மாமா!"

நல்லது என்றேன். கார்டை வாங்கிப் பார்க்கவில்லை.

அந்தத் தொடரை அவளுக்குக் காட்டியவன் நான். விண்வெளியில் ஒன்பது பேர், திரும்பி வர வழியில்லை. ஒரு ஞாயிறு விட்டதில்லை. மூன்று கடிதம் எழுதினேன், காலம், தனிமை என்று பதினேழு பக்கம். பதில் இல்லை. அவள் ஆடியில்தான் பார்க்கத் தொடங்கினாள். எழுதியது ஒரே கார்டு.

12, செவ்வாய்
என்ன கேள்வி என்று கேட்கக் கூடாதென்றிருந்தேன். மதியம் வரை தாங்கியது.

"அங்க மழ, காத்து ஒண்ணுமில்லீங்களே. வெதைக்கிற காலம் வந்திருச்சுன்னு எப்படீங்க தெரியும்?"

நல்ல கேள்வி. அதுதான் வலி.

13, புதன்
விளம்பரம் பார்த்தேன். கேப்டன் பட்டு வேட்டியில். நிலையத்துக்குள் பொங்கல் பானை, கும்மி. அந்தத் தொடரில் எனக்குப் பிடித்ததே மௌனம். ஒழிந்தது. ஆனாலும் நாளை எப்போது வரும் என்றிருக்கிறது.

டி.வி. மாமன் வீட்டில் மட்டும். ஆன்டெனா தோட்டத்து சில்வர் ஓக் உச்சியில், அதே மரத்தில் மிளகுக்கொடி. பறிக்க ஏணி சாய்த்தால் படம் போய்விடும். மாமன் உத்தரவு: நாளை எவனும் ஏணியைத் தொடக் கூடாது.

14, வியாழன். பொங்கல்
பலத்த காற்று. பதினோரு மணிக்கு மாமன் முற்றத்தில் முப்பது பேர். படம் ஆடியது.

"மாப்ளே, ஏறிப் புடி. உனக்குத்தான் தெச தெரியும்."

ஏறினேன். டி.வி. சத்தம் முழுக்க வைத்திருந்தார்கள். பால் பானையை விட்டு உருண்டை உருண்டையாக மிதக்கிறதென்று கீழே பிள்ளைகள் கத்தினார்கள். படம் இல்லாமல் கேட்க, அழகாகவே இருந்தது. எரிச்சல்.

பிறகு கேப்டன் குரல்: "கொல்லிமலை ஆலத்தூர் நாட்டிலிருந்து தனம் கேட்கிறார்…" கைதட்டல். கேள்வியைப் படித்தார். ஆன்டெனாக் குழாயைத் திருப்பினேன். காற்று இல்லை, என் கை.

இரைச்சல்.

"போச்சு! இந்தப் பக்கம் மாப்ளே! ஐயோ, அந்தப் பக்கம்!"

மெதுவாகத் திருப்பினேன். படம் வந்தபோது சோப்பு விளம்பரம்.

"காத்தடிச்சா மாமா என்னங்கப்பா பண்ணுவாரு," என்றாள் தனம். இறங்கியதும் பொங்கலை எனக்குத்தான் முதலில் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

15, வெள்ளி
தனத்தின் கண் வீங்கியிருந்தது.

"நாளைக்கு முள்ளுக்குறிச்சி போறீங்களாமா? உங்க கூட்டாளி ஊட்டுல பாத்திருப்பாங்க. கேப்டன் என்ன சொன்னாருன்னு கேட்டுட்டு வாங்க மாமா."

சரி என்றேன்.

16, சனி
கூட்டாளி வீட்டில் கேபிள். "அந்த ராக்கெட் நாடகமா? அதையெல்லாம் ஆருடா பாக்கறா?" பக்கத்தில் இரண்டு வீடு விசாரித்தேன். அவர்களும் பார்க்கவில்லை. நான் கலைத்த பதிலை எனக்கே சொல்ல ஆளில்லை.

திரும்பும் பஸ்ஸில், விண்ணப்பத் தாளின் பின்பக்கம், மலை வளைவுக்கு ஒரு பதிலாகக் கேப்டன் பெயரில் எழுதி அடித்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் எழுதினேன். அதையும் அடித்தேன்.

நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள்.

"அங்க காலம் கிடையாதாம், தனம். ஒன்பது பேருல ஆராவது ஒருத்தருக்கு ஊரு ஞாபகம் வந்து அழுக வருமாம். அன்னிக்கு வெதைப்பாங்களாம்."

உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "கேப்டன் கேப்டன்தானுங்க. பதினேழு பக்கம் எழுதுனீங்களே, இப்படி ஒண்ணு உங்களுக்கு வந்துச்சுங்களா?"

இல்லை என்றேன்.

17, ஞாயிறு
பனி. சவரம் செய்தேன். இன்று தொடர் உண்டு, போகவில்லை. மாமன் முற்றத்தில் தனம் பிள்ளைகளுக்கு அந்தப் பதிலைச் சொல்வது இங்கே வரை கேட்கிறது. ஒரு சொல் மாறாமல் சொல்கிறாள். யாரோ இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த வேட்டி கட்டிய ஆளின் பெயரில்.