நான் வாய் திறக்காத அரை மணி நேரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு டபுள் மெத்தையை ஒற்றை ஆளாக நான்காவது மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மூன்று மாடிவரை லிஃப்ட் இருந்தது என்பது வேறு விஷயம். அந்த வீட்டம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இந்த ஊரில் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றால் அது என் தோள் போட்ட பிச்சை. எங்கள் மெத்தைக் கடை முதலாளிக்கு மட்டும் இது இன்னும் புரியவில்லை. ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவருக்குக் காசு செலவாகும் போலிருக்கிறது. சரியான கஞ்சன்.

சாயங்காலம் அறைக்கு வந்தால் மாப்பிள்ளை முகம் பளபளவென்று இருக்கிறது. மாப்பிள்ளை என்றால் சொந்தமில்லை. என்னோடு அறையில் இருக்கும் வெல்டர். அவன் என்னை மாமா என்பான், நான் மாப்பிள்ளை என்பேன், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவன் மனைவியும் கைக்குழந்தையும் இந்த மாதம் ஊரிலிருந்து வருகிறார்களாம். தனி வீடு பார்த்துவிட்டான். ஒரு அறை, சமையலறை, வெயில் படுகிற பால்கனி. குழந்தையை அவன் இன்னும் கையில் தூக்கியதே இல்லை. போனில் பார்த்ததோடு சரி.

"இங்க கொடுத்த அட்வான்ஸ்ல என் பங்கு கைக்கு வந்தாத்தான் மாமா அங்க கொடுக்க முடியும். பதினஞ்சாம் தேதி வரைக்கும்தான் அந்த வீட்டுக்காரர் வெச்சிருப்பாராம். அப்புறம் வேற ஆளுக்கு விட்டுடுவாரு."

"அட, இதுக்கா முகத்தைச் சுருக்கற? வீட்டுக்காரம்மா என் பேச்சைத் தட்டவே மாட்டாங்க. வெள்ளிக்கிழமை முழுசா உன் கையில."

சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவன் உடனே மனைவிக்குப் போன் போட்டு, "மாமா பாத்துக்கறேன்னுட்டாரு" என்றான்.

மார்ச் 4

ஜன்னல் இன்றும் மூடவில்லை. கொக்கி உடைந்து வருஷமாகிறது, காற்று நேராக என் காதுக்குள்தான் வருகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சரிசெய்துவிடுவேன். எந்த ஞாயிறு என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வீட்டுக்காரம்மா எதிர்த் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். முழங்கால் வலி. அதனால் எங்கள் மாடிக்கு ஏறிப் பல வருஷமாகிறது. வாடகையை நாங்கள்தான் கடையில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

ராஜா மாதிரி உள்ளே நுழைந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை, மிஷினும் நிற்கவில்லை.

"அவ்வளவு தொகை எங்கிட்ட ஏது மெத்தைக்காரரே? முதமுதல்ல வந்த மூணு பேரு கொடுத்தாங்களே, அது மட்டும்தான் இருக்கு. மூணா பிரிச்சா நீங்க சொல்றதுல பாதி வரும். அதை எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். எங்கள் அறையின் வழக்கம் அப்படி. வருகிறவன் தன் பங்கைப் போகிறவன் கையில் கொடுப்பான், சாவியை வாங்கிக்கொள்வான். நான் டாக்சிக்காரரிடம் கொடுத்தேன், மாப்பிள்ளை தச்சரிடம் கொடுத்தான். போகிற ஒவ்வொருவனும் அறைக்குத் தான் செய்துவைத்த பொருளுக்கு ஒரு தொகையைச் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டு போனான். தொகை அப்படியே வளர்ந்துகொண்டு வந்திருக்கிறது. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. எங்களில் யாரும் கேட்கவும் இல்லை. அப்படியென்றால் என் பங்கிலும் பாதிதான் இருக்கிறதா? எங்களோடு இருக்கும் மூன்றாவது ஆள், பேக்கரிக்காரர் பங்கிலும்?

"மேல வந்து பாருங்கம்மா, அரண்மனையாட்டம் ஆக்கி வெச்சிருக்கோம். அந்த ஃபேனைப் போட்டா வானத்துல மேகம் நகரும்!"

"போன மாசம் வாடகை லேட்டானப்போ பாலம் இடிஞ்சு விழுந்துடுச்சுன்னீங்க. பாலம் நல்லாத்தான் நிக்குது. நேத்துகூட அது மேலதான் போனேன்."

அறைக்கு வந்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்றான். "பேச்சுவார்த்தை நடக்குது" என்றேன். பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

மாப்பிள்ளை இடத்துக்கு ஆள் பிடித்துவிட்டேன். நான் கைதட்டினால் வரிசை நிற்கும், ஆனால் ஒருவர்தான் வந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அவர் முழுப் பங்கையும் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

அறையைச் சுற்றிக் காட்டினேன். ஃபேனைப் பார்த்தவுடன் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"இது சாதாரண ஃபேன் இல்ல தம்பி. ஒரு கப்பல் கேப்டன் ரூம்ல சுத்தினது. ஏழு கடல் பார்த்த காத்து."

அவர் நாற்காலி மேல் ஏறிப் பார்த்தார். "அப்படிங்களா? பக்கத்துத் தெருக் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே."

எலும்பைப் படம் பிடிக்கிறவரிடம் போய்க் கதை விட்டேனே! மனிதர் நேராகத் தையல் கடைக்குப் போனார். திரும்பி வந்து, "அம்மா கையில எவ்வளவு இருக்கோ அதுக்குத்தான் கொடுப்பேன். தப்பா நினைக்காதீங்க" என்றார். அவர் மேல் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். இல்லை, நானாக இருந்தால் கப்பலை நம்பியிருப்பேன்.

மார்ச் 9

மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நீங்க சொன்னதை நம்பித்தானே மாமா அவளை டிக்கெட் போடச் சொன்னேன்? முடியாதுன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல? வேற எங்கயாவது கேட்டுப் பாத்திருப்பேன்."

உள்ளுக்குள் என்னை நானே திட்டிக்கொண்டேன். பச்சைக் குழந்தையத் தூக்கிக்கிட்டு அந்தப் பொண்ணு வந்து இறங்கினா எங்க போவா? இந்த மூணு ஆம்பளைங்க ரூமுக்கா? ஏன்டா உனக்கு இந்த வாய்? யார் கேட்டா வெள்ளிக்கிழமைன்னு? நீயா சொன்னே, நீயா நெஞ்ச நிமித்தினே...

டீ ஆறிப்போய்விட்டது. இரண்டு பேருமே குடிக்கவில்லை.

மார்ச் 10

இன்று பெருமை எதையும் எடுத்துக்கொள்ளாமல் தையல் கடைக்குப் போனேன். "அம்மா, ஒரே ஒரு தடவை மேல வந்து பாருங்க. முன்னாடி இருந்தவங்க எல்லாம் போட்டது நிஜமாவே இருக்கு" என்றேன்.

மிஷின் நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு வரேன். ஆனா நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. மூச்சு விட்டாலும் சத்தம் இல்லாம விடணும். பேசினா அந்த இடத்துலயே இறங்கிடுவேன்."

சரி என்றேன். அதுவே இரண்டு எழுத்து அதிகம் என்றார்.

மார்ச் 11, புதன்

எழுதியே ஆக வேண்டும். மதியம் முழுவதும் உள்ளேயே அடைபட்டுக் கிடந்த வார்த்தைகள் இப்போது விரல் வழியாக வருகின்றன.

அம்மா படிப்படியாக ஏறினார். நடுவில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அந்த வலியோடு நமக்காக ஏறுகிறாரே என்று இருந்தது. அதைக்கூடச் சொல்ல முடியவில்லை, பேசக்கூடாதே.

உள்ளே வந்து நின்றார். சமையல் மேடைக்குப் பக்கத்தில் குழாய் இருந்தது. அவர் அறையை வாடகைக்கு விட்ட காலத்தில் தண்ணீர் கீழேயிருந்து வாளியில்தான் வரும். நான் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். தண்ணீர் தானாகவே பேசட்டும். அம்மா அலமாரிக் கதவைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார். "இதெல்லாம் யாரு செஞ்சது?" என்று என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏழு கடலும் தொண்டைக்குள் வந்து நின்றது.

அப்போது மூலைக் கட்டிலில் போர்வை அசைந்தது. பேக்கரிக்காரர். விடிய விடிய ரொட்டி சுட்டுவிட்டுப் பகலில் தூங்குகிறவர். எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்தவர். அவர் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்குப் பாதி மறந்துபோயிருந்தது.

"குழாய் பிளம்பர் போட்டது" என்று எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டப்போ, இனிமே யாரும் வாளி தூக்க வேணாம்னு போட்டாரு. அலமாரி தச்சர் செஞ்சது. லீவு நாள்ல ஒவ்வொரு பலகையா கொண்டு வந்தாரு. ஃபேன் டாக்சிக்காரரோடது. அவங்கம்மா வந்து தங்கின வாரம் வெயில் தாங்கல, ஓடிப்போய் வாங்கிட்டு வந்தாரு."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. கப்பலும் இல்லை, கேப்டனும் இல்லை. ஆனால் டாக்சிக்காரரின் அம்மா அந்தக் காற்றுக்குக் கீழே படுத்திருந்தது எனக்கு அப்படியே தெரிந்தது. இத்தனை நாளாக அந்தக் காற்றில்தான் நானும் தூங்குகிறேன். முகம்கூடத் தெரியாத அந்தப் பிளம்பரின் தண்ணீரில்தான் குளிக்கிறேன். ஒரு நாளாவது அவர்களை நினைத்தேனா?

ஜன்னல் படார் என்று அடித்துக்கொண்டது. "இதை மட்டும் யாரும் சரி பண்ணலையா?" என்றார் அம்மா.

"அது மாமா பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்காரர் மறுபடி போர்வைக்குள் போய்விட்டார்.

அம்மா சிரித்துவிட்டார். படி இறங்கும்போது, "மெத்தைக்காரரே, இப்ப பேசலாம்" என்றார். கையை மட்டும் கூப்பினேன்.

மார்ச் 13, வெள்ளி

ஒரு வெள்ளிக்கிழமை தவறினால் அடுத்த வெள்ளிக்கிழமை. நான் வெள்ளிக்கிழமை என்றுதானே சொன்னேன்? சொன்ன சொல் தவறவில்லை.

அம்மா எக்ஸ்ரேக்காரரையும் மாப்பிள்ளையையும் கடைக்குக் கூப்பிட்டார். "அந்த ரூம்ல இருக்கறதெல்லாம் இனி ரூமோட சொத்து. முழுத் தொகைக்கும் நான் பொறுப்பு. எங்கிட்டயே கொடுங்க, போறப்ப எங்கிட்டயே வாங்கிக்குங்க" என்றார். எக்ஸ்ரேக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். அம்மா அதை அப்படியே மாப்பிள்ளை கையில் வைத்தார். எனக்கும் பேக்கரிக்காரருக்கும் அதே பேச்சுதான், எங்கள் பங்கும் முழுசாக அவர் பொறுப்பு.

மாப்பிள்ளை கடை வாசலிலேயே என் தோளைக் கட்டிக்கொண்டான். "மாமா சொன்னா சொன்னதுதான்!" என்று தெருவே கேட்கும்படி கத்தினான். அவனுக்குத் தெரியாதா, நான் ஒன்றும் கிழிக்கவில்லை என்று? தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

பேக்கரிக்காரருக்கு ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல்.

மார்ச் 15, ஞாயிறு

மாப்பிள்ளை போய்விட்டான். இரண்டு பை, ஒரு ஹெல்மெட். நான் அழவில்லை. கண்ணில் தூசி.

சாயங்காலம் அறைக்குள் ஏதோ ஒன்று குறைகிறது என்று பார்த்தால் — ஜன்னல் சத்தம். புது இரும்புக் கொக்கி. வெல்டு வைத்த இடம் தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. நான் டெலிவரிக்குப் போயிருந்தபோது போட்டிருக்கிறான். அதற்கு ஒரு காசும் சேர்த்துக் கேட்கவில்லை.

எக்ஸ்ரேக்காரர் கேட்டார், "இது யாரு போட்டது?"

"வெல்டர்."

"அவரும் கப்பல்லயா?"

"இல்ல தம்பி. இங்கதான். இந்தக் கட்டில்ல."

மார்ச் 22, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் வந்தேன். பால்கனியில் நிஜமாகவே வெயில். குட்டிக் குட்டியாய்த் துணிகள் காய்கின்றன. வேனிலிருந்து சின்ன மெத்தை ஒன்றை இறக்கினேன். பஞ்சு நயம், உறை கழற்றித் துவைக்கலாம், கடையிலேயே உசத்தி. விலையை என் அடுத்த இரண்டு சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருக்கிறார். ஒரு பைசா தள்ளுபடி கிடையாது.

"எதுக்கு மாமா இவ்வளவு செலவு?"

"நான் எங்க செலவு பண்ணேன்? முதலாளி கொடுத்தாரு. உன் கதையச் சொன்னேன், குழந்தைக்குன்னு தூக்கிக் கொடுத்துட்டாரு."

"அவரா? கஞ்சன்னு சொல்வீங்களே!"

"அது வெளிய. உள்ள தங்கம்."

குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். நான்கு மாடிக்கு மெத்தை தூக்கிய நான், இந்தச் சின்னப் பொட்டலத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். மெத்தையில் போட்டதும் கையைக் காலை ஒரு முறை உதைத்துவிட்டுத் தூங்கிவிட்டது. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

வாசல்வரை வந்து அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள், "உங்க முதலாளிக்கு நாங்க ரொம்ப நன்றி சொன்னோம்னு சொல்லிடுங்க மாமா."

"கண்டிப்பா சொல்றேம்மா" என்றேன்.

நாளைக் காலை கடைக்குப் போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும். எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் இன்னும் தோன்றவில்லை.