வலது காதில் வேறு சுருதி

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புத் தோழி மோகனப்ரியாவுக்கு,

சுப்ரியா எழுதுகிறேன். குஜராத்தில் நீயும் அப்பா அம்மாவும் சௌகரியமாக இருக்க வேண்டும். இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மற்றதை நீ படிக்க மாட்டாய். அதனால் கொஞ்சம் பொறுமையாக வா.

நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். நீ கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை, குரல் பதிவு அனுப்பினாலும் பதில் போடுவதில்லை. "காலேஜ் போனதும் பெரிய ஆளாயிட்டியாடி" என்று நீ கேட்டதற்கும் ஒரு கட்டைவிரல் படம் மட்டும்தான் போட்டேன். இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்ததுமே கூப்பிடுவாய். அது வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன். தபாலில் போட்ட பிறகு மனசு மாறினாலும் அழிக்க முடியாது, அதுவும் நல்லதுதான்.

அடுத்த வருஷம் கல்லூரியில் சேரப் போகிறாய், இந்தப் பக்கமே வந்துவிடலாமா என்று யோசிக்கிறாய், ஹாஸ்டல் எப்படி, பாட்டுக்கு இடமுண்டா, என்னவெல்லாம் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று கேட்டிருந்தாய். முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரி கிருஷ்ணகிரி தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மாந்தோப்பை வெட்டிக் கட்டியது. பிளாக்குகளுக்கு நடுவே நாலைந்து மாமரங்களை மட்டும் விட்டிருக்கிறார்கள். அவற்றின் கீழே உட்காரப் பையன்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம். மாடிப்படியும் தனித்தனி. ஹாஸ்டலுக்கு மூடி போட்ட பக்கெட் கொண்டு வா, இல்லாவிட்டால் காலையில் உன் தண்ணீரில் வேறு யாராவது குளித்திருப்பார்கள். சாம்பார் சாதம் போடும் அன்று தயிர் வாங்கி வைத்துக்கொள். லேப் ரெக்கார்டை அன்றன்றே எழுதிவிடு. எல்லோரும் சொல்வதுதான், நானும் கேட்கவில்லை.

என் அறைத்தோழி காவியா உத்தனப்பள்ளிக்காரி. அம்மாவிடம் தெலுங்கில் சண்டை போடுவாள், மாமாவிடம் கன்னடத்தில் கெஞ்சுவாள், என்னிடம் தமிழில் புலம்புவாள். நல்ல பெண். முதல் வாரம் துணி துவைக்கும்போது நான் முனகியதைக் கேட்டுவிட்டு, "சும்மா வாய்க்குள்ளயே பாடாத, வெளிய பாடு, நானும் கேக்கறேன்" என்றாள். அவள்தான் என்னை மியூசிக் கிளப் தேர்வுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த நாளை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஜெயித்த பிறகு சொல்லலாம் என்று. ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வரிசையாக நிற்க வைத்தார்கள். மூன்றாம் வருஷம் விமல்ராஜ் என்று ஒருவர் கீபோர்டு. நான் எந்தக் கட்டையில் பாடுவேன் என்று கேட்டார். எனக்குக் கட்டையெல்லாம் சொல்லத் தெரியாதே, நாம் சேர்ந்து பாடிய காலத்தில் என்றைக்கு அதைக் கற்றுக்கொண்டோம். நீ எடுத்துக் கொடுப்பாய், நான் பிடித்துக்கொள்வேன். அப்படியே பாடினேன். அவர் கீபோர்டில் என் பின்னாலேயே தேடிவந்து பிடித்தார். முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு விமல்ராஜ், "கல்சுரல்ஸ்ல தனிப்பாட்டு இவங்களுக்குத்தான்" என்றார். முதல் வருஷத்துப் பெண்ணுக்குத் தனிப்பாட்டு கொடுப்பது அங்கே வழக்கமில்லையாம். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் ஷிப்டில் இருந்தார். மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. மூன்று தடவை கத்திச் சொன்னேன். புரிந்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார்.

இனி எழுதப்போவது எதையும் அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

கல்சுரல்ஸுக்குச் சில வாரம் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்து போனது. சாதாரணக் காய்ச்சல். அது விட்ட மறுநாள் காலையில் எழுந்தால் வலது காது அடைத்திருந்தது. தொப்பூர் மலைச்சாலையில் பஸ் இறங்கும்போது அடைக்குமே, அப்படி. எச்சில் விழுங்கினால் திறந்துவிடும் என்று நினைத்தேன். திறக்கவில்லை. கூடவே ஒரு இரைச்சல், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிற்பது போல. எழுந்து நின்றால் தலை சுற்றியது.

எத்தனை அறிவுரை வந்தது தெரியுமா. சளிதான், ஆவி பிடி என்றாள் காவியா. பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடச் சொன்னார் சமையல் அக்கா, அவரே காய்ச்சியும் கொடுத்தார். இயர்போனைத் தூக்கிப் போடு என்றார்கள் சீனியர்கள். கல்லூரி கேட்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் அழுக்கு எடுக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் செய்தேன். எல்லோரும் பிரியமாகத்தான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. யார் மேல் கோபப்படுவது?

வார்டன் மேல் மட்டும் கோபம் உண்டு. டாக்டரைப் பார்க்க அவுட்பாஸ் கேட்டேன். இன்டர்னல் பரீட்சை நேரம். "காதடைப்புக்கெல்லாம் வெளிய விட்டா நாளைக்கு ஹாஸ்டல்ல ஒருத்தியும் இருக்க மாட்டா. பரீட்சை முடியட்டும்" என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாள் என்று நானும் வீட்டுக்குச் சொல்லவில்லை. பரீட்சை எழுதினேன். நல்ல மதிப்பெண்தான் வந்தது.

அதற்குப் பிறகுதான் ஓசூரில் வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார் சோதனை செய்யும் பெண். இடது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். வலதுக்கு மாற்றினார். உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் விரல் மெஷினில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. வெளியே அம்மா என் கையில் இருந்த பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மோகனா. அவர் ஆரம்பித்து வெகு நேரமாகிவிட்டது.

நரம்பு என்றார் டாக்டர். காய்ச்சலோடு வந்த கிருமியாக இருக்கலாமாம். "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க? முதல் ரெண்டு மூணு நாள்லயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மாவுக்கு அன்றைக்குக் காலையில்தான் விஷயமே தெரியும். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தெரியல சார்" என்று மட்டும் சொன்னாள்.

மாத்திரை கொடுத்தார். முகமெல்லாம் வீங்கியது. மாத்திரை முடியும் சமயத்தில் ஒரு நாள் காவியா வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டது லேசாகக் கேட்டது. அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் கேன்டீனில் போய் பப்ஸ் சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

அன்று மாலையே ஒத்திகைக்குப் போனேன். விமல்ராஜ் ஒரு கட்டையை அழுத்தினார். எனக்கு இரண்டு சுரம் கேட்டது. இடது காதில் ஒன்று, வலது காதில் அதைவிடக் கீழே, கிழிந்த ஸ்பீக்கரில் வருவது போல இன்னொன்று. கீபோர்டு பழுது என்று நினைத்தேன். இன்னொரு கட்டையை அழுத்தச் சொன்னேன். அதுவும் அப்படியே. காவியா பேசினால் இரண்டு காவியா பேசுவது போல இருந்தது. என் குரலே எனக்குள் இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓடியது. போனது திரும்பி வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு ஏதோ. டாக்டரைக் கேட்டேன். சிலருக்கு அப்படி ஆகும், சரியானாலும் ஆகலாம், இப்படியே நின்றாலும் நிற்கலாம் என்றார்.

அப்போதே விமல்ராஜிடம் சொல்லி விலகியிருக்கலாம். முடியவில்லை. வலது காதில் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு, இடது காதை மட்டும் நம்பிப் பழகினேன். சின்ன அறையில் அது ஓரளவு நடந்தது. மேடையில் நடக்கவில்லை. ஸ்பீக்கர் எனக்கு வலப்பக்கம் இருந்தது. பஞ்சையும் தாண்டி அந்தச் சத்தம் தலைக்குள் வந்து, எது சரியான சுரம் என்றே தெரியாமல் போனது. முதல் வரியில் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். இரண்டாவது வரியில் யாரோ சிரித்தார்கள். நான் தப்பாகப் போகிறேன் என்று விமல்ராஜின் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் எங்கே போனாலும் அங்கே வந்து பிடிக்க அவர் கட்டையை மாற்றி மாற்றித் தேடிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. பல்லவி முடிவதற்குள் கூட்டம் மொத்தமும் ஊளையிட்டது. நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

விமல்ராஜ் பின்னாலேயே வந்தார். காதில் இருந்த பஞ்சைப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாதிரி செட் பண்ணியிருப்பனே" என்றார். எந்த மாதிரியும் செட் பண்ண முடியாது என்று அவருக்கும் தெரியும். அடுத்த பாட்டுக்கு வாசிக்கப் போய்விட்டார். அந்த வீடியோ கல்லூரி குரூப் எல்லாவற்றிலும் சுற்றியது. இப்போது என் பெயர் ஆட்டோ டியூன், சுருதி தப்பினால் கம்ப்யூட்டரில் சரிசெய்வார்களே, அது. நேற்று வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போதுகூட எவனோ அப்படிச் சொன்னான். எந்தப் பக்கத்திலிருந்து சொன்னான் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு காதை வைத்துக்கொண்டு சத்தம் வரும் திசை தெரியாது, அது உனக்குத் தெரியுமா? கூப்பிட்டால் நான் தப்பான பக்கம் திரும்புகிறேன். அதற்கும் சிரிக்கிறார்கள். காவியா ஒருத்தியிடம் சண்டைக்குப் போய் வந்தாள்.

எனக்கு ஒரு காது மந்தம் என்கிற அளவுக்கு மட்டும்தான் வீட்டில் அப்பாவுக்குத் தெரியும். பாட்டு போனது தெரியாது. "ஏத்தா, எனக்குந்தான் கம்பெனி பிரஸ் ஷாப்புல மெஷின் பக்கத்துல நின்னு நின்னு ரெண்டு காதும் போச்சு. நான் வேலைக்குப் போகாமயா இருக்கேன்? கம்ப்யூட்டர் படிப்புக்குக் காது எதுக்கு?" என்று தேற்றுகிறார். மனதாரச் சொல்கிறார். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறேன். அம்மா காலையில் எழுந்ததும் சமையலறையில் எப்.எம். போடுவாளே, போன தடவை போயிருந்தபோது போடவில்லை. வேலை செய்யும்போது முனகுவதையும் நிறுத்திவிட்டாள். எனக்காகத்தான் வீட்டை அவ்வளவு அமைதியாக வைத்திருக்கிறாள். அந்த அமைதியில் என் காது இரைச்சல் இன்னும் பெரிதாகக் கேட்கிறது. அம்மா, பாட்டைப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டாலும் எனக்கு அது பாட்டாகக் கேட்காது. உனக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? பாட்டு எனக்குச் சத்தமாகிவிட்டது. கோயில் ஸ்பீக்கரும் ஒன்றுதான், ரோட்டில் லாரி ஹாரனும் ஒன்றுதான்.

படிக்கிறேன், சாப்பிடுகிறேன், வகுப்புக்குப் போகிறேன். எதற்காக என்றுதான் தெரியவில்லை. காவியா என்னைத் தனியாக விடுவதில்லை. துணி துவைக்கப் போனாலும் கூட வந்து கல்லில் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் பயப்படுவது தெரிகிறது. நீ பயப்படாதே, அப்படி எதுவும் செய்துகொள்ள மாட்டேன். ஆனால் இதை எழுதும்போது எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. ஒன்றும் ஆறவில்லை.

கல்லூரிக்கு என்ன அறிவுரை என்று கேட்டாய். என்னிடம் இருப்பது ஒன்றுதான். உடம்பில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. வார்டன் விடாவிட்டால் கேட்டில் நின்று கத்து, உட்கார்ந்து அழு, ஊரைக் கூட்டு. பரீட்சை போனால் திரும்ப வரும். நல்ல பெண் என்று பெயர் வாங்கி நான் என்ன செய்யப்போகிறேன்.

பொங்கலுக்கு உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நாம் இரண்டு பேரும் பாடுவதாகப் பெயர் கொடுத்திருக்கிறாய். உன் அப்பா எனக்கு டிக்கெட் போடப் போகிறார் என்றும் சொல்லியிருந்தாய். அதற்காக நீயே மெட்டுப் போட்டு அனுப்பியதை நேற்றுத்தான் கேட்டேன். வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு, போனை இடது காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். உன் குரல் என்று தெரிந்தது. மெட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதலாம், ஆனால் அது பொய்யாகிவிடும். எங்கே நான் சேர்ந்துகொள்ள நீ இடம் விட்டிருக்கிறாய் என்பது மட்டும் புரிந்தது. அங்கே மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

டிக்கெட் போட வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிடு. பெயரை வாபஸ் வாங்காதே. அந்த ஊரில் பாடத் தெரிந்த பெண் ஒருத்தி இல்லாமலா போவாள், அவளைச் சேர்த்துக்கொள். எனக்காக நீ தனியாக நின்று பாடக் கூடாது. அது இரண்டு பேர் பாட வேண்டிய பாட்டு.

உன் தொண்டைக்கும் காதுக்கும் என்றைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன், மோகனா. மேடையில் நன்றாகப் பாடு. உன் கூடப் பாடியவள் யார், எப்படிப் பாடினாள் என்பதை மட்டும் இப்போதைக்கு எனக்கு எழுதாதே. மற்ற எல்லாவற்றையும் எழுது. சாப்பிட்டது, தூங்கினது, எதுவானாலும் சரி, நிறைய எழுது. நிறுத்திவிடாதே.

உன்னுடைய,
சுப்ரியா